முப்பத்தேழு முறை செத்தவரின் நேரடி வர்ணனை

ஆட்டம் தொடங்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போது தனசேகரனின் வலது காது செத்துப்போனது.

காது என்றால் காதல்ல. காதுக்குள் செருகியிருந்த கருவி. அதற்குள்ளிருந்துதான், சென்னை ஸ்டூடியோவில் ஆட்டத்தைத் திரையில் பார்க்கும் நதியா பேசுவாள். நதியா பேசினால்தான் தனசேகரன் பேசுவார். தனசேகரன் பேசினால்தான் ‘களம் டிவி’யில் கபடி வர்ணனை வரும்.

“தங்கவேலு, காதுல ஒண்ணும் வரலையே!”

கேமராமேன் தங்கவேல் தன் செல்போனை எடுத்து நாலு திசைக்கும் காட்டினான். ஜவ்வாது மலை எந்தத் திசையிலிருந்தும் பதில் சொல்லவில்லை.

“மலை ஏறினப்பவே டவர் தடுமாறுச்சி, இப்ப சுத்தமா போய்டுச்சி சார். படமும் உங்க குரலும் வண்டி மேல இருக்கற தட்டு வழியா சென்னைக்குப் போய்டும். சென்னை பேசறதுதான் நம்மகிட்ட வராது.”

“அப்ப நான் எப்படிய்யா பேசறது?”

“வாயால சார்.”

தங்கவேல் கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வரிவரியாகச் சொல்வார். நடிகர் காதில் வாங்கி, உணர்ச்சி சேர்த்துத் திருப்பிச் சொல்வார். தனசேகரன் பதினெட்டு வருஷமாக இதைச் செய்தவர். சொந்தமாக ஒரு வாக்கியம் கடைசியாக எப்போது பேசினார் என்று அவர் மனைவிக்கே நினைவில்லை. வீட்டில் “சாப்பிடறீங்களா?” என்று கேட்டால், “சாப்பிடறீங்களா” என்று தழுதழுத்த குரலில் திருப்பிச் சொல்வார்.

கலைச்சுடர் தனசேகரன் என்று சொன்னால்தான் அவருக்குப் பிடிக்கும். அந்தப் பட்டத்தை அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கம், புது லிஃப்ட் திறப்பு விழாவில் வழங்கியது. அவருடைய தனித்திறமை, சாவது. கதாநாயகியின் அப்பாவாக வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, சரிந்து விழுவார். முப்பத்தேழு தொடர்களில் செத்திருக்கிறார். கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு முறை, கோர்ட் வாசலில் ஏழு முறை, மீதியெல்லாம் மாடிப்படியில்.

செத்த பிறகும் விடமாட்டார்கள். மாலை போட்ட போட்டோவாக ஹால் சுவரில் தொங்குவார். மகள் தினம் ஒருமுறை அதன் முன் நின்று அழுவாள். ஒரு தொடரில் உயிரோடு நாலு நாள். போட்டோவாக ஐந்து வருஷம்.

போன சித்திரையில் ஒரு இயக்குநர் போன் செய்தார். “சார், புதுத் தொடர். இதுல நீங்க கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டீங்க. நேரா போட்டோதான். நீங்க வரவே வேணாம், பழைய போட்டோ நம்மகிட்ட இருக்கு.”

அன்றைக்குத்தான் கலைச்சுடருக்கு ரோஷம் வந்தது. களம் டிவியின் தலைவி கீதாஞ்சலி, “சீரியல் பாக்கற லேடீஸ் எல்லாம் கபடி பாக்கணும்னா, அவங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு வேணும்” என்று தேடிக்கொண்டிருந்தாள். இவர் போய் நின்றார். மூன்று ஆட்டம் சோதனை என்று ஒப்பந்தம். இரண்டு முடிந்துவிட்டது.

“யாரோ படிச்சுக் காட்டறத நீங்க சொல்ற மாதிரியே இருக்கு சார்” என்று சொல்லியிருந்தாள் கீதாஞ்சலி. “மலைல நடக்கறது கடைசி மேட்ச். அது நல்லா வந்தா சீசன் முழுக்க நீங்கதான். வரலைன்னா, சுவர் இருக்கவே இருக்கு.”

அந்தக் கடைசி ஆட்டம் இது. நெல்லிவாசல்நாட்டு அணிக்கும் திருப்பத்தூர் அணிக்கும் இறுதிப் போட்டி. மண் மைதானத்தைச் சுற்றி எண்ணூறு பேர் கூடியிருந்தார்கள். வர்ணனை மேசைக்குப் பின்னாலேயே அம்சவல்லி என்ற நாற்பது வயதுப் பெண்மணி டீக்கடை போட்டிருந்தாள். தனசேகரனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த வடிகட்டி கீழே விழுந்தது.

“ஐயோ, நீங்க போன பங்குனியிலதான செத்தீங்க! நான் ரெண்டு நாள் சோறு துன்னல சார்.”

கலைச்சுடர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு லேசாகத் தலை வணங்கினார்.

தங்கவேல் ஒரு வழி கண்டுபிடித்தான். நீளமான மூங்கில் கழியின் உச்சியில் செல்போனைக் கட்டி, வண்டியின் கூரைமேல் நட்டான். உச்சியில் இரண்டு புள்ளி டவர் கிடைத்தது. தனசேகரனின் காது உயிர்பெற்றது.

“சார், நதியா பேசறேன். ஆரம்பிக்கலாமா?”

அவர் முகம் மலர்ந்தது. தன்னுடைய இடது பக்கம்தான் அழகு என்பதால் அதைக் கேமராவுக்குக் கொடுத்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததில் மைதானம் முதுகுப் பக்கம் போய்விட்டது. அதனால் ஒன்றுமில்லை, அவர் எந்த ஆட்டத்தையும் பார்த்ததில்லை.

விசில் அடித்தது. ஆட்டம் தொடங்கியது. பிரச்சினையும் தொடங்கியது.

இங்கே நடப்பது சென்னைக்குப் போய், அதை நதியா பார்த்து, அவள் சொல்வது மூங்கில் வழியாக இறங்கி வர முப்பது விநாடி ஆனது. கபடியில் ஒரு ரெய்டுக்கு, ‘கபடி கபடி’ என்று பாடிப் போய் வரும் ஒரு பாட்டுக்கு, மொத்தமே முப்பது விநாடிதான்.

“இதோ! திருப்பத்தூரின் தலைவர் புருஷோத்தமன் புலியெனப் பாய்கிறார்!” என்று மைதானத்து ஒலிபெருக்கி அதிர முழங்கினார் தனசேகரன்.

புலி அப்போது அவுட்டாகி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. புருஷோத்தமன் பதறி, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“இன்னாடா இது, போன பஸ்ஸுக்கு இப்ப கை காட்றாரு!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து மலைக்காற்று எழுந்தது. மூங்கில் ஆடியது. காதில் இரைச்சல்.

“ஹலோ... சார்... கேக்குதா?” என்றாள் நதியா.

பதினெட்டு வருஷப் பழக்கம் யாரை விட்டது? “ஹலோ சார், கேக்குதா?” என்று எண்ணூறு பேரையும் பார்த்து உருக்கமாகக் கேட்டார் தனசேகரன்.

“கேக்குது!” என்று மைதானமே பதில் சொன்னது.

“நான் நதியா பேசறேன்.”

“நான் நதியா பேசறேன்!”

சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. “வா நதியா!” என்று ஒரு பெரியவர் துண்டை வீசினார்.

“ஐயோ, இதெல்லாம் மைக்குல சொல்லாதீங்க சார்!”

“ஐயோ! இதெல்லாம் மைக்குல சொல்லாதீங்க சார்!” இந்த ‘ஐயோ’வை மட்டும் அவர் மிக அருமையாகச் சொன்னார், அது அவருடைய துறை.

மேற்கொண்டு நதியா என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. மூங்கில் முறிந்து, செல்போன் டீக்கடைப் பக்கெட்டில் விழுந்துவிட்டது.

கலைச்சுடர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் உதவிக்கு வந்தார் விழாக் குழுத் தலைவர் கோபால்சாமி. பொன்னாடை, சந்தனப் பொட்டு, கழுத்தில் அவரே வாங்கிப் போட்டுக்கொண்ட ரோஜா மாலை.

“கவலப்படாதீங்க. நான் பக்கத்துல குந்திகினு சொல்றேன், நீங்க அப்படியே சொல்லுங்க. எனக்கு மேடைப் பேச்சு பழக்கம்.”

தனசேகரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒருவர் சொல்ல, ஒருவர் திருப்பிச் சொல்ல. உலகம் மறுபடி ஒழுங்காகிவிட்டது.

“இந்த மைதானத்தைச் சமன் செய்து தந்தவர் யார்?” என்றார் கோபால்சாமி.

“இந்த மைதானத்தைச் சமன் செய்து தந்தவர் யார்?” என்று உறுமினார் தனசேகரன்.

“கொட்டகை போட்டவர் யார்? கோப்பை வாங்கியவர் யார்? மழையென்றும் பாராமல், வெயிலென்றும் பாராமல்...”

மைதானத்தில் நெல்லிவாசல்நாட்டின் நட்சத்திரம் ராஜாக்கண்ணு மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் தாவித் திரும்பினான். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பு தனக்கென்று நினைத்த கோபால்சாமி இன்னும் உற்சாகமாகி, தன் தகப்பனார் பெயரை எடுத்தார். தகப்பனாரின் தகப்பனாருக்கு அவர் போவதற்குள், பின்னாலிருந்து டீ ஆற்றிக்கொண்டே அம்சவல்லி வெடித்தாள்.

“இன்னா பேஜாரு இது! அங்க ராஜாக்கண்ணு ஒரே பாட்டுல மூணு பேரத் தூக்கிட்டான், இவுரு இங்க கொட்டா போட்டுகினு கீறாரு!”

எந்தக் குரல் உரக்கக் கேட்கிறதோ அதைச் சொல்வதுதான் பழக்கம். “அங்கே ராஜாக்கண்ணு ஒரே பாட்டில் மூன்று பேரைத் தூக்கிவிட்டான்!” என்றார் தனசேகரன்.

கூட்டம் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பிக் கை தட்டியது.

அவருக்குப் புல்லரித்தது. முப்பத்தேழு சாவுக்கும் யாரும் நேரில் கை தட்டியதில்லை. மெதுவாகத் திரும்பி அம்சவல்லியைப் பார்த்தார். அவள் டம்ளரை வைத்துவிட்டு, கோபால்சாமியின் காதருகே குனிந்தாள்.

“தலைவரே, கீழ ரோட்டுல கலெக்டரு ஜீப்பு மாதிரி ஒண்ணு வருது.”

கோபால்சாமி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு ஓடினார். வந்தது பூசணிக்காய் ஏற்றிய ஷேர் ஜீப் என்று தெரிந்துகொண்டு அவர் திரும்ப மேடேறுவதற்குள் அவருடைய நாற்காலியில் அம்சவல்லி உட்கார்ந்துவிட்டாள்.

“சொல்லுங்க சார். புருஷோத்தமன் பாடிகினு வர்றான். நம்ம ஆளுங்க ஓரமா ஒதுங்கறாங்க. நரி மாதிரி ஒதுங்கறாங்க. வரட்டும்னு வுடறாங்க. இப்ப புடி! காலப் புடிடா டேய்!”

“வருகிறார் புருஷோத்தமன்! ஒதுங்குகிறார்கள், நரியைப்போல் ஒதுங்குகிறார்கள்! வரட்டும் என்று விடுகிறார்கள்... இப்போது பிடி! காலைப் பிடி!”

பிடித்தார்கள். கூட்டம் ஆடியது.

“நல்லா வருது சார்” என்றாள் அம்சவல்லி. “ஐயோ, அடுப்புல பாலு பொங்குதே!”

“பொங்குகிறது!” என்றார் தனசேகரன். ஒரு கணம் யோசித்தார். “பொங்குகிறது நெல்லிவாசல்நாடு!”

அந்த ஒரு வார்த்தையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் சொந்தமாகச் சேர்த்த முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார்.

இடைவேளையில் திருப்பத்தூர் பதினேழு, நெல்லிவாசல்நாடு பதினான்கு. தங்கவேல் வேறொரு போனை எடுத்துக்கொண்டு, டவர் கிடைக்கும் பாறைக்கு ஓடிப்போய்ச் சென்னையோடு பேசிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினான்.

“கீதாஞ்சலி மேடம் என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் தனசேகரன்.

“ஆரம்பம் மானம் போச்சாம். கடைசி அஞ்சு நிமிஷம் யாரோ வேற ஆளு பேசற மாதிரி இருந்துச்சாம். அதனால செகண்ட் ஹாஃபும் பாக்கறாங்களாம். ஆனா நடுவுல ஒளிபரப்பு ஒரு நிமிஷம் நின்னாலும் அதோட கட் பண்ணிட்டு, பழைய மேட்ச் எதையாவது போட்டுடுவாங்களாம்.”

“அப்ப நான்?”

தங்கவேல் கையால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தான். அதற்கு மேல் ஒரு மாலையும் வரைந்தான்.

“இன்னா சார் அது?” என்று கேட்டாள் அம்சவல்லி.

தனசேகரன் வாயைத் திறந்தார். யாரும் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, அவரே சொன்னார். “இந்த வேலை போச்சுன்னா நான் மறுபடி போட்டோதாம்மா. உசுரோட யாரும் கூப்பிட மாட்டாங்க. சுவர்ல தொங்கிக்கிட்டே இருக்கணும். என் எதிர்லயே எல்லாரும் சாப்பிடுவாங்க, சண்டை போடுவாங்க, கல்யாணம் பண்ணிக்குவாங்க. நான் ஒரு வார்த்தை பேச முடியாது.”

அம்சவல்லி ஒரு டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“உங்களப் போட்டோவுல பாத்துப் பாத்து எங்களுக்கும் சலிச்சிப்போச்சி சார். அந்த மால போட்ட மூஞ்சி நல்லாவே இல்ல. குடிங்க. ஆட்டம் நிக்காது, நான் பாத்துக்கறேன்.”

“நடுவர் நிறுத்தினா?”

“ரங்கசாமி சாரா? அவுரு பள்ளிக்கூடத்துலயே மணியடிக்க மறந்துடுவாரு. நீங்க குடிங்க.”

இரண்டாவது பாதி தொடங்கிய ஐந்தாவது நிமிஷம், மலை உச்சியிலிருந்து மூடுபனி இறங்கியது. கார்த்திகை மாதத்தில் அது அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வரும். முதலில் எதிர்ப்பக்கக் கூட்டம் மறைந்தது. பிறகு கோட்டில் நின்ற நடுவர் ரங்கசாமி மறைந்தார். பிறகு பதினாலு ஆட்டக்காரர்களும் மறைந்தார்கள், மைதானமும் மறைந்தது. அப்போது திருப்பத்தூர் பத்தொன்பது, நெல்லிவாசல்நாடு பதினேழு.

“சார், ஃபிரேம் பூரா வெள்ளை” என்றான் தங்கவேல். “தயிர் சாதம் மாதிரி இருக்கு.”

“என் மேல கேமராவைத் திருப்புய்யா!”

“உங்க மேலதான் சார் இருக்கு.”

களம் டிவி நம்பி அழைத்து வந்த கலைச்சுடரின் இடது பக்க முகம் தயிர் சாதத்தில் கரைந்துபோயிருந்தது. இனிமேல் அவரிடம் மிச்சமிருப்பது குரல் ஒன்றுதான்.

பனிக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில் சத்தம் கேட்டது.

“ஐயோ, நிறுத்திட்டாங்களா?” தனசேகரனின் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது.

அம்சவல்லி பெஞ்சின் மேல் ஏறி நின்று, புருவத்துக்கு மேல் கையை வைத்துப் பனியைக் கூர்ந்து பார்த்தாள்.

“அது போனஸ் பாயிண்டு விசிலு சார். நமக்குத்தான். சொல்லுங்க, ராஜாக்கண்ணு பாடப் போறான்.”

“உனக்குத் தெரியுதாம்மா?”

“எங்க வூட்டு மூடுபனி சார். பொறந்ததுலேர்ந்து இதுக்குள்ளதான் நடக்கறோம். சொல்லுங்க, சொல்லுங்க!”

“போனஸ் புள்ளி நெல்லிவாசல்நாட்டுக்கு!” என்று தொடங்கினார் தனசேகரன். “கண்ணுக்குத் தெரியாத களத்தில், இதோ, பாடிச் செல்கிறார் ராஜாக்கண்ணு!”

சொல்லி வாய் மூடுவதற்குள் பனிக்குள்ளிருந்து ‘கபடி கபடி கபடி கபடி’ என்று குரல் எழுந்தது. எண்ணூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இனி அவர்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இருந்தது அந்த ஒலிபெருக்கி ஒன்றுதான்.

அம்சவல்லி சொல்லச் சொல்ல அவர் சொன்னார். ஆனால் அப்படியே சொல்வதை நிறுத்திவிட்டார். அவள் “ஒருத்தன் காலு” என்றால், இவர் அந்தக் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சொன்னார். அவள் “மொறைக்கறான்” என்றால், இவர் இரண்டு அணித் தலைவர்களும் ஒருவரை ஒருவர் அளந்த அளவைச் சொன்னார். அவளுக்கும் சூடு பிடித்துவிட்டது. பெஞ்சின் மேலேயே நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

“இப்ப ராஜாக்கண்ணுக்குக் காலு பெசகிடுச்சி சார்!”

“ஐயோ! சரிந்துவிட்டாரே ராஜாக்கண்ணு! மலையே நொண்டுகிறதே!”

கூட்டத்தில் ராஜாக்கண்ணுவின் மனைவி மஞ்சுளா அலறிக்கொண்டு எழுந்தாள். “அடப்பாவி, நான் ஆடப் போவாதன்னு சொன்னேனே!”

“எழுந்துட்டான், எழுந்துட்டான்! ஒண்ணும் ஆவல!” என்று அவசரமாகச் சொன்னாள் அம்சவல்லி. “முன்னவிட நல்லா இருக்கான்!”

“எழுந்துவிட்டார்! வலியைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்துவிட்டார்! சகோதரி, அழாதே!”

மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த நாலைந்து பெண்கள் அவளுக்காக அழுதார்கள். கபடிக்கு அந்த மலையில் பெண்கள் அழுதது அதுதான் முதல் முறை.

புள்ளி ஏறியது. இருபத்து நாலு, இருபத்து மூணு. இருபத்தெட்டு, இருபத்தெட்டு. பூசணிக்காயைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த கோபால்சாமி, தன் நாற்காலியைக் கேட்க வந்தவர், அதை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கவேல் ஒன்றும் தெரியாத கேமராவை விட்டுவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தொன்று, முப்பத்தொன்று. கடைசி ரெய்டு.

“புருஷோத்தமன் வர்றான் சார்” என்றாள் அம்சவல்லி. “ஒருத்தனத் தொட்டுட்டான். திரும்பி ஓடறான். கோட்டுக்கிட்ட வந்துட்டான்...”

தனசேகரனுக்குத் தன் வாழ்க்கை எதற்காக நடந்தது என்பது அந்த விநாடியில் புரிந்தது. பன்னிரண்டு கல்யாண மண்டபம், ஏழு கோர்ட் வாசல், பதினெட்டு மாடிப்படி, எல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கான ஒத்திகை. இடது கை நெஞ்சைப் பற்றியது. குரல் உடைந்தது.

“தொட்டுவிட்டார்... திரும்புகிறார்... கோடு... இதோ... கோடு... புருஷோத்தமனின்... விரலுக்கும்... கோட்டுக்கும்... நடுவே... ஒரே... ஒரு...”

நிறுத்தினார்.

மற்ற அப்பாக்கள் இந்த இடத்தில் செத்துவிடுவார்கள். இவர் மூச்சை இழுத்தார்.

பனி அசையவில்லை. எண்ணூறு பேர் அசையவில்லை. எங்கோ ஒரு ஆடு கத்தி, தானே வாயை மூடிக்கொண்டது.

“...நெல் அளவு! அந்த நெல்லளவு தூரத்தில்... அமுக்கிவிட்டார்கள்! ஏழு பேரும் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள்! முப்பத்திரண்டு, முப்பத்தொன்று! வென்றது நெல்லிவாசல்நாடு! வென்றது இந்த மலை!”

அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் என்ன கேட்டது என்று யாருக்கும் தெரியாது. தம்பட்டம் அடித்தது. பட்டாசு வெடித்தது. அம்சவல்லி பாலடுப்பைக் கவிழ்த்துவிட்டு மஞ்சுளாவைக் கட்டிக்கொண்டாள். யார் யாரோ வந்து தனசேகரனைத் தோளில் தூக்கினார்கள். வழக்கமாக நாலு பேர் தூக்கினால் படுத்தபடி போகிறவர், முதல் முறையாக உட்கார்ந்தபடி போனார். கோபால்சாமி தன் பொன்னாடையையும் ரோஜா மாலையையும் கழற்றினார். மாலையைப் பார்த்ததும் தனசேகரன் மிரண்டு, “மாலை வேணாங்க, பொன்னாடை மட்டும் போதும்” என்றார். இதையும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பனி மெல்லக் கலையத் தொடங்கியபோது தங்கவேல் பாறையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

“சார்! மேடம் லைன்ல அழறாங்க சார்! திரை பூரா வெள்ளையா இருந்தும் ஒருத்தர்கூட சேனல் மாத்தலியாம்! சீசன் முழுக்க நீங்கதானாம்! அடுத்த வாரமே சேலம்!”

“என் மூஞ்சியைப் பத்தி எதாவது சொன்னாங்களா?”

“அது தேவையே இல்லையாம் சார்.”

கலைச்சுடர் அரை விநாடி வாடி, உடனே நிமிர்ந்தார். முகம் போனால் என்ன, போட்டோவும் போனது.

நடுவர் ரங்கசாமி ஈரமான புள்ளி நோட்டோடு வந்து பணிவாக நின்றார். “சார், கடைசி ஸ்கோர இன்னொரு தபா சொல்றீங்களா? எழுதிக்கறேன்.”

“முப்பத்திரண்டு, முப்பத்தொன்று.”

“ரொம்ப சந்தோசம் சார்.” எழுதிக்கொண்டார். கோப்பையை ராஜாக்கண்ணு வாங்கினான். துள்ளிக் குதித்து வந்து வாங்கினான். பிசகிய காலில் வீக்கம்கூட இல்லை. மலைக்காரன் உடம்பு என்று தனசேகரன் வியந்துகொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு, பாதி குடித்த டீ கிளாஸோடு திருப்பத்தூர்த் தலைவன் புருஷோத்தமன் அவர் முன்னால் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. கடைசி நிமிஷம் வரை போராடியவன், ஆனால் பனியனில் ஒரு சொட்டு வியர்வை இல்லை, முழங்காலில் ஒரு துளி மண் இல்லை. நல்ல வீரன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனசேகரனுக்குத் தோன்றியது. அவன் தோளில் கை வைத்தார்.

“வருத்தப்படாதே தம்பி. நெல்லளவுதான். வீரமாத்தான் ஆடினே.”

“இன்னாத்த ஆடினேன் சார்? பனி எறங்குனதுமே ரங்கசாமி சாரு விசில் ஊதி ஆட்டத்த நிறுத்திட்டாரு, டிவில இன்னா வருதோ அதான் முடிவுன்னுட்டாரு. நாங்க ரெண்டு டீமும் நடுக்கோட்டு மேல குந்தி டீ குடிச்சிகினு, நீங்க சொல்லச் சொல்ல கபடி கபடின்னு சத்தம் மட்டுந்தான குடுத்துகினு இருந்தோம்... அந்தக் கடைசி ரெய்டுல என்னைக் கோட்டத் தொட வுட்டிருந்தா உங்களுக்கு இன்னா சார் கொறஞ்சி போயிருக்கும்?”